இறக்கி வைத்தல்

1

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் தகுதிச் சுற்றில் 60 ஷாட்கள். அதற்குத் தரப்படும் நேரம் 75 நிமிடம். ஆக ஒரு ஷாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம். பெல்லட் குழலைவிட்டுக் கிளம்பி அட்டையைத் தொட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. குறிபார்த்து டிரிகரை அழுத்தச் சில விநாடிகள். மீதி ஒரு நிமிடத்துக்கும் மேல் என்ன நடக்கிறது? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடப்பதில்லை. ஒருவர் நிற்கிறார். கையைத் தூக்குகிறார். சில சமயம் சுடுகிறார். சில சமயம் சுடாமலேயே கையை இறக்கிவிடுகிறார்.

மூன்று வருடமாக வார இறுதிகளில் நானும் இதைச் செய்கிறேன். போட்டிக்கெல்லாம் போகிற ஆள் இல்லை. சும்மா பொழுதுபோக்குதான். ஆனால் கையில் இருப்பது துப்பாக்கி என்பதால் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டி வருகிறது. பேட்மிண்டன் ஆடப் போகிறவரிடம் யாரும் "எதுக்கு?" என்று கேட்பதில்லை. என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். நான் எப்போதும் சொல்கிற பதில் ஒன்று உண்டு: "அது நிதானத்துக்கான பயிற்சிங்க." கேட்பவர்களும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். நிதானம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் அவ்வளவு மரியாதை.

அந்தப் பதில் உண்மையா என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு செயலை ஆற அமரச் செய்வதாலேயே அதற்கு ஏதாவது அறமதிப்பு வந்துவிடுகிறதா?

2

முதலில், இந்த மெதுவில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ரேஞ்சுக்குப் புதிதாக வருகிற பையன்கள் பெரும்பாலும் பப்ஜி ஆடிப் பழகியவர்கள். முதல் பத்து நிமிடத்தில் இருபது பெல்லட்டைக் காலி செய்துவிடுவார்கள். ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு முறையும் ஒரு பெல்லட்டைத்தான் போட முடியும் என்பது அவர்களுக்குக் குறையாகத் தெரியும். பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். தங்கிவிடுகிற மீதிப் பேர் மெல்ல வேகம் குறைவார்கள். யாரும் சொல்லி அல்ல. பிஸ்டலே அவர்களை மெதுவாக்கிவிடும்.

அது எப்படி என்றால், குறிபார்க்கும்போது மூன்று பொருட்கள் மூன்று தூரங்களில் இருக்கின்றன. கைக்கு அருகில் பின்சைட்டின் பள்ளம், கொஞ்சம் தள்ளி முன்சைட், பத்து மீட்டரில் டார்கெட். நம் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். எதைத் தெளிவாக வைத்துக்கொள்வது? புதியவர்கள் எல்லோரும் டார்கெட்டை என்பார்கள். முன்சைட்டைத்தான் பார்க்க வேண்டும். டார்கெட் கலங்கலாகத் தெரிந்தால் போதும். பிஸ்டலில் பெரும்பாலோர் கறுப்பு வட்டத்தைக் குறிபார்ப்பதுகூட இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதியில் கையை நிறுத்தி, சைட்டை அதற்கேற்பத் திருகி வைத்திருப்பார்கள். அந்தக் கறுப்பு வட்டம் கண்ணை இழுக்கும் என்பதே காரணம்.

அடுத்தது கை. நீட்டிய ஒற்றைக் கை நிற்காது. ஒலிம்பிக் வீரருடைய கையும் நிற்காது, ஆட்டத்தின் அளவு மட்டும் குறையும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். முன்சைட் அந்த இடத்தைக் கடக்கும் கணத்தைப் பிடித்து "இப்போ!" என்று அழுத்தினால், அந்த அவசரமே குழலைத் திருப்பி ஷாட்டை ஓரத்துக்கு அனுப்பிவிடும். ஆட்டத்தை ஒப்புக்கொண்டு, அந்தப் பகுதிக்குள் கை அலைந்துகொண்டிருக்கும்போதே, 500 கிராம் எடைக்கு விடும் டிரிகரில் விரலை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடிக்கும் என்று கைக்கே தெரியக் கூடாது. வெடித்த பிறகும் ஓரிரு விநாடி அப்படியே நிற்க வேண்டும். திரையைப் பார்க்கும் முன் "எட்டு, இடது பக்கம்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஷாட் எங்கே போனது என்பது நன்றாகக் கவனித்தவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இவ்வளவும் எட்டு, பத்து விநாடிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் கண் களைக்கும், மூச்சு முட்டும், கை ஆட்டம் கூடும். அப்போது என்ன செய்வது? இங்கேதான் என் பயிற்சியாளர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "சரியா வரலேன்னா இறக்கி வைங்க தம்பி. யாரும் உங்கள அடிக்க வரமாட்டாங்க."

கேட்க எளிது. செய்வதற்கு இந்த விளையாட்டிலேயே இதைவிடக் கடினமானது எதுவும் இல்லை. ஏற்கெனவே தூக்கியாகிவிட்டது, விரல் பாதி அழுத்தியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் பார்த்தால் சரியாகிவிடும் என்று உடம்பு முழுக்கச் சொல்லும். அதை மீறிக் கையை இறக்குவது ஒரு தனித் திறன். நல்ல வீரர்களையும் சுமாரானவர்களையும் கவனித்துப் பாருங்கள். நல்லவர்கள் அடிக்கடி இறக்கி வைப்பார்கள்.

அமைதியை இந்த விளையாட்டு எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு தகவல். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் துப்பாக்கிச் சுடுதலில் ஊக்கமருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார். ப்ரோப்ரனலால் எடுத்திருந்தது தெரியவந்ததும் இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மற்ற விளையாட்டுகளில் வேகத்தையும் பலத்தையும் மருந்தில் திருடுவார்கள். இங்கே திருடப்படுவது பதற்றமின்மை.

3

உலகம் போகிற போக்கில் இந்த மெதுவுக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது. 1896ல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே 50 மீட்டர் பிஸ்டலின் முன்வடிவம் இருந்தது. ஒரு காலத்தில் அதன் 60 ஷாட்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். கடைசியாக அது 2016 ரியோவில் நடந்தது, அதோடு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் பார்க்க ஒன்றுமில்லை என்றால் ஒரு விளையாட்டு பிழைப்பது கஷ்டம்.

எதிர்த்திசையில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில், கண்மூடித்தனமாக மேகசினைக் காலி செய்யும் கலாச்சாரத்துக்கு நடுவே, குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுக்கென்று 1933லேயே ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். மருந்தை அளந்து கொட்டி, துணித் துண்டில் ஈயக் குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கி, பிறகுதான் ஒரு ஷாட். அந்தச் சங்கத்தின் ஊர் இண்டியானா மாநிலத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் ஃப்ரெண்ட்ஷிப்.

இது எனக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கு என் தொழிலும் ஒரு காரணம். மென்பொருளில் எல்லாவற்றுக்கும் ஒரு 'அன்டூ' உண்டு. தப்பாகப் போனால் ரோல்பேக் செய்துகொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் நாங்கள் வேகமாக ஓடுகிறோம். 'வேகமாகப் போ, உடைந்தால் உடையட்டும்' என்பது ஃபேஸ்புக்கின் ஆரம்பகாலக் கோஷம். இந்த உலகத்திலிருந்து வருகிறவனுக்கு, விட்டால் திரும்பாத ஒரு பொருளைக் கையில் பிடித்திருப்பது புதிய அனுபவம். திரும்பாது என்பதால்தான் விடுவதற்கு முந்தைய நேரத்துக்கு எடை கூடுகிறது.

அந்த முந்தைய நேரத்தைப் பற்றி அறிவியலிலும் ஒரு புகழ்பெற்ற விவாதம் உண்டு. 1983ல் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க நரம்பியலாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். விரும்பிய நேரத்தில் மணிக்கட்டை அசைக்கச் சொல்லி, "அசைக்கணும்" என்று தோன்றிய கணத்தை ஒரு கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கச் சொன்னார். அந்த எண்ணம் அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்னால் வந்தது. மூளையின் மின் அலையோ அதற்கும் முன்பே எழத் தொடங்கியிருந்தது. அப்படியானால் சுதந்திர விருப்பம் என்று ஒன்று இல்லையா? லிபெட் அந்த முடிவுக்குப் போகவில்லை. தொடங்குவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் எண்ணம் தெரிந்த பிறகு 'வேண்டாம்' என்று தடுக்க நமக்கு அவகாசம் இருக்கிறது என்றார். அந்தப் பரிசோதனைக்கு என்ன பொருள் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, சுதந்திரத்தை அவர் எந்த இடத்தில் தேடினார் என்பது. செய்வதில் அல்ல, செய்யாமல் விட முடிவதில். பிஸ்டலை இறக்கி வைக்கிற ஒவ்வொரு முறையும் நான் பழகுவது அதைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

இந்த நிம்மதியைக் கலைத்தவர் என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பர். கிளிநொச்சியில் பிறந்து சிறுவயதிலேயே வெளியேறி, இப்போது கனடாவிலிருந்து எங்கள் டீமில் வேலை செய்கிறார். ஒரு கால் முடியும் தறுவாயில் வார இறுதி பற்றிப் பேச்சு வந்தது. நான் ரேஞ்ச் கதையையும், நிதானக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காசு குடுத்தோ சுடப் போறனீங்கள்?" என்று சிரித்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "நாங்கள் பங்கருக்குள்ள ஒளிச்சிருந்த ஆக்கள் அண்ணா. எங்களச் சுட்டவங்களும் நிதானமாத்தான் சுட்டிருப்பாங்கள்" என்றார்.

அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் என் விளக்கத்தின் அடிக்கல்லை எடுத்துவிட்டார்.

நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அன்று வந்த வீடியோக்களில் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீருடை இல்லாத ஒருவர் ஒரு வேனின் கூரைமேல் ஏறித் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கிறார். அந்த உடம்பில் அவசரம் இல்லை. நிலை சரியாக இருக்கிறது. நான் ரேஞ்சில் கற்றுக்கொண்டதை எல்லாம் வைத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. இதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

பதறாத காரியம் சிதறாது என்கிறது பழமொழி. சரிதான். ஆனால் அந்தப் பழமொழி காரியம் கைகூடுமா என்பதைத்தான் பேசுகிறது, காரியம் நல்லதா என்பதை அது கேட்பதே இல்லை. மெதுவாகவும் கவனமாகவும் ஒரு கொடுமையைச் செய்ய முடியும். கவனமாகச் செய்யப்படும் கொடுமை இன்னும் துல்லியமாக இருக்கும்.

விளையாட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு தீங்கற்ற உதாரணம் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எமன்ஸ் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் கடைசி ஷாட் வரை முன்னிலையில் இருந்தார். சுமாரான ஒரு ஷாட் போதும், தங்கம் உறுதி. அவர் நின்றது இரண்டாவது தடம். வழக்கம்போல மூச்சை அடக்கி, துடிப்பைத் தணித்து, குறிபார்த்துச் சுட்டார். ஷாட் தங்கத்துக்குப் போதுமானதாகவே இருந்தது. ஆனால் பட்டது மூன்றாவது தடத்தின் டார்கெட்டில். பூஜ்யம். எட்டாவது இடத்துக்குப் போனார். குவிந்த கவனத்தால் சொல்ல முடியாத ஒன்று, 'இது சரியான இலக்கா' என்பது. அந்தக் கேள்வி குவிப்புக்கு வெளியே இருந்துதான் வர வேண்டும்.

இதன் இருண்ட வடிவம் ஓய்கன் ஹெரிகெல். 1924 முதல் 1929 வரை ஜப்பானின் சென்டாய் நகரில் தத்துவம் கற்பித்த ஜெர்மானியர். அங்கே அவா கென்ஸோ என்ற ஆசானிடம் வில்வித்தை பழகினார். அதைப் பற்றி அவர் எழுதி 1948ல் வந்த சின்னப் புத்தகம் உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. 'நான்' என்பது கரைந்து அம்பு தானாகவே புறப்படும் நிலையைப் பற்றியது. விளையாட்டு உளவியல் முதல் கார்ப்பரேட் பயிற்சி வகுப்புவரை அதன் சாயல் உண்டு. அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு தகவல், 1937ல் அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார் என்பது. ஆண்டுக்கணக்கில் ஒரு வைக்கோல் இலக்கின் முன் நின்று சுயத்தைக் கரைத்தவர், தன் நாட்டில் தன் கண்முன் நடந்ததற்கு முதுகைக் காட்டவில்லை, அதோடு சேர்ந்து நடந்தார். ஆசானிடம் கற்றதை ஹெரிகெல் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பின்னாளில் ஜப்பானிய ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. பயிற்சி அவருக்குக் கொடுத்த அமைதி உண்மையானதாகவே இருந்திருக்கும். அந்த அமைதி எதையும் தடுக்கவில்லை.

5

அப்படியென்றால் நிதானம் என்பது வெறும் உத்தியா? வில்லுக்கு நாண் ஏற்றுவதுபோல எதற்கும் பயன்படும் ஒரு கருவியா?

கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதை வேறு மாதிரி யோசிக்க வைத்தது. துரோணர் மரத்தில் ஒரு பொம்மைப் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார். தருமனுக்கு மரம் தெரிகிறது, தம்பிகள் தெரிகிறார்கள், ஆசிரியர் தெரிகிறார். தள்ளி நில் என்கிறார். அர்ஜுனனுக்குப் பறவை மட்டும், அதிலும் அதன் தலை மட்டும் தெரிகிறது. அவன் வெல்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து அப்ரைசல் மீட்டிங்வரை இந்தக் கதையை நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அதே அர்ஜுனன் குருக்ஷேத்திரத்தில் தேரை இரண்டு படைகளுக்கும் நடுவே நிறுத்தச் சொல்கிறான். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்கிறான். பார்த்தால், பாட்டனார், ஆசிரியர், மாமன், மச்சான், பிள்ளைகள். காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. அன்று தருமன் பார்த்த பார்வையை இப்போது இவன் பார்க்கிறான். அதன்பின் கண்ணன் பேசியதும், அவன் மறுபடி வில்லை எடுத்ததும் வேறு விவாதம், இரண்டாயிரம் வருடமாக முடியாத விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது தேர் நின்ற அந்த இடைவெளி. முதல் கதையிலும் அவன் நிதானமாக நின்றான், இரண்டாவதிலும் நின்றான். முதலில் நின்றது நன்றாக எய்வதற்கு. இரண்டாவதில் நின்றபோது எய்யாமலும் போகலாம் என்ற வழி திறந்திருந்தது.

இரண்டுக்கும் நாம் நிதானம் என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. 'எப்படிச் செய்வது' என்ற கேள்விக்கு மட்டும் நேரம் ஒதுக்கினால் அது துல்லியம். 'செய்யத்தான் வேண்டுமா' என்ற கேள்வியையும் உள்ளே விட்டால்தான் அதை நிதானம் எனலாம். வேனின் மேல் நின்றவரிடம் முதலாவது இருந்தது. ஹெரிகெலுக்கு அவருடைய பயிற்சி முதலாவதை மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். ஒரு இடைவெளியின் மதிப்பை அதன் நீளத்தால் அளக்க முடியாது. அதற்குள் 'வேண்டாம்' என்று சொல்வது உண்மையிலேயே சாத்தியமா என்பதே அளவுகோல்.

இது துப்பாக்கி பிடிப்பவர்களுக்கான தத்துவம் மட்டும் இல்லை. எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று விதி உண்டு. எண்ணூறு வரி மாற்றம் வந்து நிற்கும், ரிலீஸ் அன்றைக்கு மாலை. பார்ப்பவருக்கு அரை மணி நேரம் இருந்தாலும் அவரால் 'முடியாது' என்று சொல்ல முடியாத சூழல் இருந்தால் அந்த அரை மணி நேரம் அலங்காரம்தான். இதே கட்டமைப்பு இப்போது போருக்குள்ளும் வந்துவிட்டது. காசாவில் தாக்க வேண்டிய ஆட்களின் பட்டியலை ஒரு மென்பொருள் தயாரிப்பதாகவும், ஒரு பெயரைச் சரிபார்க்கச் சில சமயம் 20 விநாடிதான் எடுத்துக்கொண்டதாகவும் உளவுப் பிரிவில் இருந்தவர்கள் சொன்னதாக +972 இதழ் 2024 ஏப்ரலில் எழுதியது. மனிதர்களை அடையாளம் காணும் வேலையை இயந்திரத்திடம் விடவில்லை என்று இஸ்ரேல் ராணுவம் மறுத்தது. 20 விநாடி என்பது நான் ஒரு காகித வட்டத்தின் முன் கையைத் தூக்கி நிற்கும் நேரத்தைவிட அதிகம். அந்தச் செய்தி உண்மையென்றால், குறை அவகாசத்தின் நீளத்தில் மட்டும் இல்லை. அதை இரண்டு நிமிடமாக்கினாலும், இறக்கி வைப்பவருக்கு அங்கே இடம் இல்லையென்றால் ஒன்றும் மாறாது.

அப்படியானால் காகிதத்தைச் சுட்டுப் பழகிய 'வேண்டாம்' வாழ்க்கையில் உதவுமா? தானாக உதவாது. ரேஞ்சில் இறக்கி வைப்பதற்கு நான் கொடுக்கும் விலை ஒன்றுமில்லை. என் பயிற்சியாளர் சொல்வதுபோல யாரும் அடிக்க வரப்போவதில்லை. மேலதிகாரியின் உத்தரவுக்கு எதிரே, கூட்டத்தின் வேகத்துக்கு எதிரே இறக்கி வைப்பதற்கு விலை உண்டு. அந்தத் தைரியத்தை எந்த ஏர் பிஸ்டலும் கற்றுத்தராது. பாதி அழுத்திய விரலை நிறுத்த முடியும் என்பதை உடம்புக்குத் தெரியவைக்கும், அவ்வளவுதான். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வேறு இடங்களில் கற்றுக்கொள்ள வேண்டும். பங்கருக்குள் ஒளிந்திருந்தவர்களிடமிருந்தும்.

நண்பரிடம் நான் வாதாடவில்லை. அவருக்கு இந்த விளையாட்டு பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. ஆனால் இப்போது யாராவது எதுக்கு என்று கேட்டால் நிதானத்துக்கு என்று சொல்வதில்லை. பிடிச்சிருக்கு, போறேன் என்கிறேன். அது உண்மை. நிதானம் என்பது பெரிய சொல். அதற்கு உரிமை கோர, காகிதம் அல்லாத ஏதோ ஒன்றின் முன்னால் ஒருமுறையாவது கையை இறக்கியிருக்க வேண்டும்.